எடைக்கு யார் பொறுப்பு? வைத்தியச் செலவுக்கு யார் பொறுப்பு?

உடம்பு மிகவும் பெருத்த ஒருவரைப் பற்றி அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே தீர்ப்பில் முடிந்துவிடும்: “வாயைக் கட்டினா வயிறு தானா வத்திரும்.” சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. மழை பொய்த்தால் பட்டினி என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய மானாவாரிக் காட்டில், பெருத்த உடம்பு என்றால் அளவுக்கு மீறிய சாப்பாடு, அளவுக்கு மீறிய சாப்பாடு என்றால் அடக்கமின்மை என்று நினைப்பு ஓடுவது இயல்பு.

இப்போது அந்தப் பேச்சோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. தானே தேடிக்கொண்ட வியாதிக்குக் காப்பீட்டுப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? நம் வரிப்பணம் அதற்கு ஏன் போக வேண்டும்?

நியாயமாகத் தோன்றும் கேள்விதான். கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். சுருக்கமான பதில் இது: எடையில் தனி மனிதருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் மிகையான பருமனின் முழுப் பாரத்தையும் அவர் தலையிலேயே ஏற்றினால் கணக்கு தப்பாகிவிடும். பழி சொல்லி வைத்தியத்தைத் தள்ளிப்போட்டால் செலவு பல மடங்காகும். அந்தச் செலவையும் அவர் குடும்பமும் நாமும்தான் கட்டப் போகிறோம். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த எடை நோய் ஆகிறது?

மருத்துவர்கள் முதலில் பார்ப்பது உடல் நிறை எண். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண் அது. 160 சென்டிமீட்டர், அதாவது ஐந்தே கால் அடி உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 64 கிலோவில் அவருடைய எண் 25. ஏறத்தாழ 90 கிலோவில் 35. 102 கிலோவைத் தாண்டினால் 40.

உலக அளவில் 30க்கு மேல் பருமன் என்பார்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதயநோயும் வந்துவிடுவதால் 23லிருந்தே கவனிக்க வேண்டும், 25லிருந்தே பருமன் என்று கொள்ள வேண்டும் என்பது இந்திய மருத்துவர்களின் முடிவு. 40ஐத் தொட்டால், அல்லது 35ஐத் தாண்டிச் சர்க்கரை, இதயநோய் போன்றவையும் சேர்ந்தால், அதுவே இங்கே பேசும் மிகையான பருமன்.

இந்த எண் மட்டும் போதாது. இடுப்பு அளவையும் பார்க்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். எடை மெஷின் அவர்களைச் சரியாக இருப்பதாகக் காட்டும். டேப் உண்மையைச் சொல்லிவிடும்.

2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு ஒரு தெளிவைக் கொண்டுவந்தது. கூடுதல் கொழுப்பு இருந்தும் உறுப்புகள் நன்றாக வேலை செய்வது ஒரு நிலை. அந்தக் கொழுப்பால் மூச்சு, இதயம், ஈரல், மூட்டு, அன்றாட நடமாட்டம் ஆகியவை கெட்டுப்போவது இன்னொரு நிலை. இரண்டாவது நிலையே ஒரு நோய், அதற்கு வைத்தியம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது அந்தக் குழு.

தமிழ்நாட்டின் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், எண் 25ஐத் தாண்டிய பெண்கள் 40.4 விழுக்காடு, ஆண்கள் 37 விழுக்காடு. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. ஐந்தாறு ஆண்டுகளில் பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் வரை ஏறியிருக்கிறது. அந்தச் சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு மக்களின் மன உறுதி திடீரென்று குறைந்துபோயிருக்க முடியாது. மாறியது வேறு ஏதோ.

பஞ்சம் பார்த்த மண்ணில் இது எப்படி வந்தது?

முதலில் வேலை மாறியது. கைத்தறியில் நாள் முழுக்கக் கால் மிதித்து நெய்த ஊர் அருப்புக்கோட்டை. விசைத்தறியும் நூல் மில்லும் வந்தபின் அந்த மிதி தேவையில்லை. கிணற்றில் கவலை இறைத்தவர்கள் மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறார்கள். காட்டுக்கு நடந்த தூரத்தை டூவீலர் எடுத்துக்கொண்டது. உலக்கையும் ஆட்டுக்கல்லும் போய் மிக்சியும் கிரைண்டரும் வந்தன. 2011லிருந்து அரசே அவற்றை வீட்டுக்கு வீடு கொடுத்தது. பெண்களின் இடுப்பொடித்த அந்தப் பாடு திரும்பி வர வேண்டும் என்று யாரும் ஆசைப்படக் கூடாது. ஆனால் அந்த வேலை எரித்த சக்தியை இப்போது எதுவும் எரிப்பதில்லை என்பதும் உண்மை.

அடுத்து தட்டு மாறியது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த, இன்றும் ஓரளவு விளைகிற பூமி இது. வீட்டில் மூன்று வேளையும் அரிசியே சோறாக, இட்லியாக, தோசையாக வருகிறது. ரேஷன் அரிசியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. 2011 ஜூனிலிருந்து இலவசமாக வரும் அந்த அரிசி பல வீடுகளில் அடுப்பு அணையாமல் காத்தது. தட்டில் அரிசி நிறைந்த அளவுக்குப் பருப்பும் முட்டையும் காய்கறியும் நிறையவில்லை என்பதுதான் சிக்கல். அவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இந்தியர்கள் உண்ணும் சக்தியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025இல் சொன்னது.

வீட்டுக்கு வெளியே எண்ணெயும் சர்க்கரையும் மலிவாகிவிட்டன. எண்ணெயில் பொரித்த பரோட்டா, சேவு, வடை, டீக்கடை பிஸ்கட், பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட் தீனி. அரை லிட்டர் குளிர்பானத்தில் ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது பத்து டீஸ்பூன். பழமும் காயும் விலை ஏறும் வெயில் காலத்தில், பத்து இருபது ரூபாய்க்கு வயிறு நிறைந்தது போலக் காட்டுவது இவைதான். காசு குறைந்த வீட்டாரும் பருமனாகிறார்கள் என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மூன்றாவது காரணம் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவை மறித்ததால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது கர்ப்பத்தின் முதல் பாதியில் பட்டினி கிடந்த தாய்மாருக்குப் பிறந்த ஆண்பிள்ளைகளை 19 வயதில் அளந்து பார்த்தபோது, அவர்களிடம் பருமன் கூடுதலாக இருந்தது. 1976இல் வெளியான ஆய்வு இது. நம் நாட்டில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 1990களில் தொடங்கிய ஆய்வும் இதே பக்கம் கை காட்டியது. புனே வட்டாரக் கிராமக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தன, ஆங்கிலேயக் குழந்தைகள் 3.5 கிலோவில். நம் குழந்தைகளிடம் சதை குறைவாக இருந்தது. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பஞ்ச காலத்துக்குத் தயாராகப் பிறந்த உடம்பு, தாராளமாகக் கிடைக்கும் சோற்றையும் எண்ணெயையும் சேமித்து வைக்கத் தொடங்குகிறது. தாது வருடப் பஞ்சத்திலிருந்து எத்தனையோ வறட்சிகளைக் கடந்து வந்த ஒரு வட்டாரம் இந்த ஆய்வுகளை அக்கறையோடு படிக்க வேண்டும்.

மன உறுதி எதுவரை செல்லும்?

1990இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, சிறு வயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்களை ஒப்பிட்டது. சாப்பாடு வேறு, வீடு வேறு. ஆனால் அவர்களுடைய உடல் நிறை எண் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போனது. எடை வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வரை மரபால் விளக்கலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

மரபு நாற்பது ஆண்டுகளில் மாறவில்லையே, பின் எப்படிப் பருமன் கூடியது என்று கேட்கலாம். சரியான கேள்வி. சுற்றுப்புறம் எல்லாரையும் ஒருசேரத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் யார் எவ்வளவு தூரம் போகிறார் என்பதை மரபு முடிவுசெய்கிறது. ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றில் அண்ணன் ஒல்லியாகவும் தம்பி 120 கிலோவாகவும் இருப்பது இதனால்தான்.

1994இல் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புச் செல்கள் அதைச் சுரந்து, “இருப்பு போதும்” என்று மூளைக்குச் சொல்கின்றன. 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்துக் குழந்தைகள் இருவரிடம் லெப்டின் அறவே இல்லாததைக் கண்டார்கள். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ. அவள் உறவுக்காரச் சிறுவன் இரண்டு வயதில் 29 கிலோ. அந்தச் சிறுமிக்கு லெப்டினை ஊசியாகக் கொடுத்ததும் பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை அந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் பார்த்து ஊர் என்னென்ன பேசியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு தெளிவான மரபுக் கோளாறு அபூர்வம். 2017இல் எகிப்திலிருந்து மும்பை சைபி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட, சுமார் 500 கிலோ எடை என்று சொல்லப்பட்ட பெண்மணியிடமும் லெப்டின் ஏற்பி தொடர்பான மரபணுவில் மாற்றம் இருந்ததாக மருத்துவக் குழு அறிவித்தது. நாடே பார்த்த அந்த வைத்தியம் நன்கொடையால் நடந்தது. எடை பெரிதும் குறைந்தபின் அபுதாபிக்கு மாற்றப்பட்ட அவர், அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அத்தனை பணமும் திறமையும் கூடி நின்றாலும், கடைசிக் கட்டத்தில் தொடங்கும் வைத்தியத்துக்கு எல்லை உண்டு.

மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது? அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்தார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரித்த சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு சுமார் 500 கலோரி குறைவு. எடை இறங்கியதைப் பஞ்சம் என்று உடம்பு எடுத்துக்கொண்டு, செலவைச் சுருக்கிப் பசியைக் கூட்டுகிறது. மெல்போர்ன் ஆய்வொன்றில், எடை குறைத்து ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரண்டு மாதம் வாயைக் கட்டிப் பத்து கிலோ குறைத்து, மறு வருடம் பன்னிரண்டு கிலோ ஏறிய மதினியை வீட்டில் யாரும் கேலி செய்யக் கூடாது. அவர் உடம்போடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

சில மருந்துகளும் எடையைக் கூட்டும். மூட்டுவலிக்கென்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, மனநோய்க்கான சில மருந்துகள், இன்சுலின் ஆகியவை அவற்றில் சில. தைராய்டு குறைந்தாலும் ஓரளவு எடை கூடும். எடை திடீரென்று ஏறினால் பத்தியத்துக்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்படியானால் தனி மனிதருக்குப் பொறுப்பே இல்லையா?

உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான விளக்கமாகாது. குளிர்பானத்தை விட்டுவிடுவது ஒருவர் கையில் இருக்கிறது. வீட்டு எண்ணெயை ஆளுக்கு மாதம் முக்கால் லிட்டருக்குள் நிறுத்துவது, சோற்றில் இரண்டு கரண்டியைக் குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டுவது, இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது, தினம் நடப்பது, மருத்துவர் வரச்சொன்ன நாளில் போவது எல்லாமே நம் கையில் உள்ளவை. 70 கிலோவில் இருப்பவர் 85க்குப் போகாமல் காக்க இவை பெருமளவு போதும். 120 கிலோவைத் தொட்டுவிட்டவருக்கும் இவை தேவை. ஆனால் அவருக்கு இவை மட்டும் போதாது. வைத்தியத்தின் துணை வேண்டும்.

பொறுப்பு என்பது முடிகிற அளவுக்கு உள்ளது. காலையில் ஆறு மணிக்கு மில் வண்டி ஏறி மாலை வீடு திரும்பும் பெண்ணிடம் தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னால், எங்கே, எப்போது, யார் துணையோடு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிச்சமில்லாத ரோட்டில் நாய்க்கும் லாரிக்கும் நடுவே அவர் நடக்க முடியாது. அந்த ரோட்டுக்கு விளக்குப் போடுவது அவருடைய பொறுப்பில் வராது.

பழி சொன்னால் திருந்துவார்கள் என்பதும் பொய்த்துப்போன நம்பிக்கை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 3,000 பேரை நான்கு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2014இல் வெளியானது. எடைக்காக இழிவுபடுத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு எடை கூடியிருந்தது. மற்றவர்களுக்குச் சற்றே குறைந்திருந்தது. கேலிக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே வராதவர், கடைசியில் ஆம்புலன்ஸில்தான் வருவார்.

செலவுக் கணக்கு

மிகையான பருமன் தனியாக வருவதில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஈரலில் கொழுப்பு, மூட்டுத் தேய்வு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, இதயத் தளர்ச்சி, பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறும் குழந்தையின்மையும் கர்ப்பப்பைப் புற்றும் எனப் பின்னால் ஒரு வரிசையே இருக்கிறது. சர்க்கரையும் கொதிப்பும் சிறுநீரகத்தைக் கெடுத்தால் வாரம் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ். காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தாலும், கூடப் போகும் ஆளின் கூலி, பஸ், சாப்பாடு, விற்ற ஆடு, அடகு வைத்த நகை எந்த அட்டையிலும் வராது. கண்மாய்க் கரையில் ஓட்டை சிறிதாக இருக்கும்போதே அடைப்பதற்கும், உடைந்தபின் ஊரே மண் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்தச் செலவிலும்.

“இவர்களால் நாட்டுக்குச் செலவு” என்ற வாதத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருபது வயதிலிருந்து சாகும்வரை ஆகும் மருத்துவச் செலவைக் கணக்கிட்டார்கள். ஆரோக்கியமாக வாழ்பவருக்கு சுமார் 2,81,000 யூரோ, பருமனானவருக்கு 2,50,000 யூரோ, புகைப்பவருக்கு 2,20,000 யூரோ. பருமனானவருக்கு ஆண்டுச் செலவு அதிகம், ஆனால் அவர் முன்னதாக இறந்துவிடுகிறார். மொத்தக் கணக்கு குறைந்ததற்கு அதுவே காரணம். சீக்கிரம் சாவதை அரசின் லாபமாக எழுதச் சம்மதிக்காத எவரும், பணக்கணக்கை மட்டும் வைத்து வைத்தியத்தை மறுக்க முடியாது.

இங்கிலாந்தின் யார்க் வட்டாரச் சுகாதார நிர்வாகம் 2016இல் அதைச் செய்ய முனைந்தது. எண் 30ஐத் தாண்டியவர்களுக்கு, அவசரமில்லாத அறுவைகளை ஓராண்டு வரை தள்ளிப்போட முடிவு செய்தது. அந்நாட்டு அறுவை மருத்துவர்களின் கல்லூரியே அதைக் கண்டித்தது. மூட்டு மாற்றினால் நடக்க முடியும், நடந்தால் எடை குறையும் என்ற நிலையில் உள்ள நோயாளியை எடையைக் காட்டிப் படுக்க வைப்பதில் என்ன நியாயம்?

நம் மாநிலம் இதைவிடப் பெரிய மனதோடு நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்டுவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. விருதுநகர்க்காரரான காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும், பிள்ளையின் பசிக்கு யார் காரணம் என்று விசாரித்துவிட்டுச் சோறு போடவில்லை. இங்கேயும் அதே வழிதான் சரி.

என்ன வைத்தியம், எவ்வளவு ஆகும்?

முதல் படி உணவு, நடை, தூக்கம், சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மருந்து. இதற்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே சர்க்கரையும் கொதிப்பும் கண்கூடாக இறங்கும். 120 கிலோவில் இருப்பவர் 60க்கு வர வேண்டியதில்லை. 108க்கு வந்தாலே உடம்பு நன்றி சொல்லும்.

இரண்டாம் படி ஊசி மருந்து. செமாக்ளுடைட் ஊசி 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடையைக் குறைத்தது என்று 2021இலும், டிர்செபடைட் 72 வாரத்தில் 20 விழுக்காடு வரை குறைத்தது என்று 2022இலும் ஆய்வுகள் வெளிவந்தன. 2025 மார்ச்சில் டிர்செபடைட் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, ஆரம்ப அளவின் விலை வாரத்துக்கு 3,500 ரூபாய், மாதத்துக்கு 14,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2025-26இன் நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு பைசாவும் செலவழிக்காமல் வைத்தாலும் 33,600 ரூபாய். இரண்டரை மாத ஊசிக்குக்கூட அது போதாது. செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால், உள்நாட்டுத் தயாரிப்புக்கு வழி திறந்து விலை இறங்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஊசியை நிறுத்தினால், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது. நண்பர் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்கிப் போடும் ஊசி அல்ல இது. மருத்துவர் எழுதிக்கொடுத்து, அவர் கண்காணிப்பில் போட வேண்டியது.

மூன்றாம் படி அறுவை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துக் குழாய் போல ஆக்குவது ஒரு வகை. சிறிய பை போல ஆக்கிக் குடலோடு மாற்றி இணைப்பது இன்னொரு வகை. இவை கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு சிகிச்சை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். பசி ஹார்மோன்களையே மாற்றும் பெரிய அறுவை இது. சுவீடனில் ஆயிரக்கணக்கானோரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைவாக இருந்தது. தனியார் மருத்துவமனைகளில் இதற்குச் சில லட்சம் ரூபாய் ஆகும். அதன்பின் வாழ்நாள் முழுக்கப் புரதம், இரும்பு, பி12, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பீடு எப்போது கொடுக்கும்?

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விதிப்படி, பருமன் அறுவைக்கு இவ்வளவும் பொருந்த வேண்டும்: மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைப்படி நடக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் கடும் மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை இவற்றில் ஒன்றாவது இருந்து, மற்ற வழிகளில் எடை குறையாமல் போயிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் மருத்துவர் சீட்டு, எடைக் குறிப்பு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அந்தத் தாள்களே சாட்சி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு உதவுகிறது. உங்களுக்குச் சொன்ன சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, முன் அனுமதி உண்டா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் வாங்கிக்கொண்டு தேதி குறியுங்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மதுரை பெரியாஸ்பத்திரியும் முதல் ஆலோசனைக்குப் போகும் தூரத்தில் உள்ளன.

மலிவு தேடிய ஒரு அறுவை

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த, 150 கிலோ அளவில் எடையுள்ள ஓர் இளைஞர் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போய் உயிரிழந்தார். முதலில் வேறொரு மருத்துவமனையில் பெரிய தொகை சொன்னதாகவும், செலவு குறையும் என்பதால் இடம் மாறியதாகவும் குடும்பத்தார் கூறியதாகச் செய்திகள் வந்தன. அரசு விசாரணைக்குப் பின் அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

தேர்ந்த மையங்களில் இந்த அறுவையால் ஏற்படும் இறப்பு ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரைதான். பயந்து விலக வேண்டியதில்லை. ஆனால் சம்மதக் கையெழுத்துக்கு முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். இந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை பருமன் அறுவை செய்கிறார்? மிகையான எடை உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா? தீவிர சிகிச்சைப் பிரிவும் வென்டிலேட்டரும் அதே கட்டடத்தில் உண்டா? இதயம், நுரையீரல், தூக்கப் பரிசோதனை முடிந்ததா? ஏதாவது கோளாறு வந்தால் கூடுதல் செலவு யாருடையது? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் படுக்க வேண்டாம்.

வட்டாரம் என்ன செய்யலாம்?

மருத்துவமனைகளில் தொடங்கலாம். சாதாரண எடை மெஷின் 120 அல்லது 150 கிலோவோடு நின்றுவிடும். பெரிய கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றிக் கொதிப்பு பார்த்தால், இல்லாத கொதிப்பைக் காட்டும். 200 கிலோ தாங்கும் எடை மெஷின், அகலமான கொதிப்புப் பட்டை, வலுவான கட்டில், கைப்பிடி இல்லாத அகல நாற்காலி இவை அருப்புக்கோட்டை, திருச்சுழி அரசு மருத்துவமனைகளில் இருக்க வேண்டும். பெரிய பணம் ஆகாது. விருதுநகர் மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒரு நாள் பருமன் சிகிச்சைப் பிரிவு நடந்தால், மதுரைக்கும் சென்னைக்கும் அலையும் செலவு மிச்சமாகும்.

ரேஷனிலும் சத்துணவிலும் பள்ளிக் காலை உணவிலும் பருப்பும் முட்டையும் சிறுதானியமும் கூட வேண்டும். குதிரைவாலியும் கம்பும் இந்த வட்டாரத்திலேயே விளைபவை. விவசாயியிடம் நல்ல விலைக்கு வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் பயன். ஆனால் சிறுதானியமும் மாவுச்சத்துதான். அளவில்லாமல் சாப்பிட்டால் எடை கூடும்.

சட்டத்துக்கும் வேலை உண்டு. சிலி நாடு 2016லிருந்து, சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். இந்தியா 2025 செப்டம்பரில் சர்க்கரைக் குளிர்பானங்களின் வரியை 40 விழுக்காடு என்று வைத்திருக்கிறது. அந்த வரியிலிருந்து ஒரு பங்கைப் பருமன் சிகிச்சைக்கென்று ஒதுக்கக் கேட்பது நியாயம்.

வீட்டில் ஒருவருக்கு எடை மிகுந்துவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே அவர் இடுப்பை அளந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொதிப்பும் பாருங்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று விழிக்கிறாரா என்று கவனித்து, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீடு முழுவதற்கும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறையுங்கள், ஏனென்றால் அதே மரபு உங்களுக்கும் இருக்கலாம். “இவ்வளவு ஏன் சாப்பிட்ட?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “ஆஸ்பத்திரிக்கு எப்போ போவோம்?” என்று கேட்டு, அவரோடு கூடப் போங்கள்.